உஷார்! சத்து மாத்திரை மிட்டாய் இல்லை

இரும்புச்சத்து மாத்திரைப் பட்டை உங்கள் வீட்டில் எங்கே கிடக்கிறது? தறி ஓரத்திலா, டிவி மேலா, தலையணைக்கு அடியிலா? முதலில் எழுந்துபோய் அதைக் குழந்தைக் கை எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். மிச்சத்தைப் பிறகு படிக்கலாம்.

"சத்து மாத்திரைதானே, என்ன ஆகிவிடும்?" என்பார்கள். 2023 மார்ச்சில் உதகை காந்தலில் என்ன ஆனது தெரியுமா? நகராட்சிப் பள்ளிப் பிள்ளைகள் சிலர், யார் அதிகம் தின்பது என்று போட்டி போட்டு இந்த மாத்திரைகளை விழுங்கினார்கள். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, கோவையிலிருந்து மேல்சிகிச்சைக்குச் சென்னை கொண்டுவரும் வழியிலேயே இறந்துபோனாள். விவரம் தெரிந்த வயசுப் பிள்ளைக்கே இந்த கதி என்றால், தவழ்ந்து போய் எதையும் வாயில் போடும் குழந்தையை நினைத்துப் பாருங்கள்.

கர்ப்பிணிகளுக்கு அரசு கொடுக்கும் சிவப்பு மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. மேலே சர்க்கரைப் பூச்சு வேறு! உடல் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் தாண்டினாலே வாந்தி, வயிற்றுவலி தொடங்கலாம். 60 தாண்டினால் உயிருக்கே ஆபத்து. 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அந்தக் கணக்கு வெறும் பத்து மாத்திரை.

இதில் மிகப் பெரிய ஏமாற்று ஒன்று உண்டு. முதல் சில மணி நேரம் வாந்தி, பேதி. பிறகு குழந்தை தெளிந்து விளையாடக்கூட ஆரம்பிக்கும். "சரியாயிடுச்சு" என்று வீட்டுக்குத் தூக்கி வந்துவிடாதீர்கள். உள்ளே கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கலாம். ஓரிரு நாளில் நிலைமை கைமீறிவிடும். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பதும் வேண்டாம். 108-ஐ அழையுங்கள், இல்லையென்றால் பொதட்டூர்பேட்டையிலிருந்து நேரே திருத்தணி அரசு மருத்துவமனை. காலிப் பட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். எத்தனை மாத்திரை உள்ளே போயிருக்கும் என்று மருத்துவர் அதை வைத்துத்தான் கணக்கிடுவார்.

இதற்குப் பயந்து மாத்திரையைக் குப்பையில் வீசிவிடாதீர்கள், அம்மா! 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பொதட்டூர்பேட்டையில் நாள் முழுக்கத் தறிச் சத்தத்தில் நின்றும் தார் சுற்றியும் வேலை பார்க்கிற பெண்கள், மூச்சு வாங்குவதையும் கால் அசதியையும் வேலைக் களைப்பு என்றே தள்ளிவிடுகிறார்கள். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால், கர்ப்பிணி என்றால் 11-க்குக் கீழே இருந்தால், அது வெறும் களைப்பு இல்லை.

பீட்ரூட் ஜூஸ் குடித்தால் ரத்தம் ஊறும் என்பது நிறத்தைப் பார்த்து வந்த நம்பிக்கை. அதில் இரும்பு கொஞ்சம்தான். ஆட்டுச் சுவரொட்டியில் நிறைய உண்டு, உடம்பும் எளிதில் எடுத்துக்கொள்ளும். சைவக்காரர்கள் முருங்கைக்கீரை, கேழ்வரகு சாப்பிடும்போது எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள்ளுங்கள். சாப்பிட்ட கையோடு டீ வேண்டாம். அது சாப்பாட்டில் உள்ள இரும்பை உடம்பில் சேரவிடாது. ஒரு மணி நேரம் போகட்டும். மாத்திரையையும் டீ, பாலோடு விழுங்காதீர்கள். கால்சியம் மாத்திரைக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். மலம் கறுத்துப் போவதைப் பார்த்துப் பாதியில் நிறுத்துகிறவர்கள் ஏராளம். மாத்திரை சாப்பிட்டால் அப்படித்தான் போகும்.

ஆண்களுக்கோ, மாதவிடாய் நின்ற பெண்களுக்கோ ரத்தம் குறைந்தால் கடையில் டானிக் வாங்கிக் குடித்துக்கொண்டிருக்கக் கூடாது. மூலமோ, குடல் புண்ணோ, அதைவிடப் பெரியதோ உள்ளே ரத்தத்தைக் கசியவிடலாம். ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டும் இரண்டு மாதத்தில் அளவு ஏறவில்லையா? பி12 குறைபாடு, தலசீமியா என்று வேறு காரணம் இருக்கலாம். அதற்குப் பரிசோதனைதான் வழி. இன்னொரு பட்டை இல்லை.