அன்றாடக் கைமின்விளக்கு

அன்றாடக் கைமின்விளக்கு என்பது ஒருவர் வெளியே செல்லும்போது பணப்பை, சாவிக்கொத்து முதலியவற்றுடன் நாள்தோறும் எடுத்துச் செல்லும் சிறிய மின்கல விளக்கு ஆகும். கைமின்விளக்கு தமிழ்நாட்டுப் பேச்சு வழக்கில் டார்ச் லைட் என்றும், இலங்கையில் டோர்ச் லைட் என்றும் அழைக்கப்படுகிறது. மின்தடையின்போதும், இருண்ட படிக்கட்டுகளிலும், தெருவிளக்கு இல்லாத வழிகளிலும் இது பயன்படுகிறது. தனிநபர் பாதுகாப்பில் இதன் பங்கு, ஆபத்தை முன்கூட்டியே காண்பதிலும் பிறரால் காணப்படுவதிலும் தங்கியுள்ளது.

வரலாறு

தொடக்ககால மின்கலங்கள் நீர்மம் நிரம்பிய கலன்களாக இருந்தன. சாய்த்தால் அவற்றிலிருந்து நீர்மம் சிந்தும் என்பதால் அவற்றைக் கையில் ஏந்திச் செல்ல இயலவில்லை. செருமனியைச் சேர்ந்த கார்ல் காசுனர் 1886 ஆம் ஆண்டில் உலர் மின்கலத்துக்குக் காப்புரிமை பெற்றார். இதன் பின்னரே கையடக்க மின்விளக்கு சாத்தியமாயிற்று. டேவிட் மிசெல் என்பவர் உருவாக்கிய குழல் வடிவக் கைமின்விளக்குக்கு 1899 சனவரி 10 அன்று அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது. அதன் உரிமை கான்ராட் இயூபர்ட்டின் நிறுவனத்திடம் இருந்தது. அந்நிறுவனம் தொடக்கத்தில் சில விளக்குகளை நியூயார்க் நகரக் காவலர்களுக்கு வழங்கியது.

அக்கால விளக்குகளின் கார்பன் மின்னிழையும் திறன் குறைந்த மின்கலமும் தொடர்ந்து ஒளி தரவில்லை. சில நொடிகள் எரியவிட்டு அணைக்க வேண்டியிருந்தது. ஆங்கிலத்தில் 'கணநேரம் மின்னும் விளக்கு' என்ற பொருளில் பிளாஷ்லைட் எனப் பெயர் அமைந்தது இதனாலேயே ஆகும். பின்னர் டங்ஸ்டன் மின்னிழை வந்தபோது நிலை மேம்பட்டது. 1990களில் நீல நிற ஒளி உமிழ் டையோடுகளும் (எல்.ஈ.டி) அவற்றின் வழி வெள்ளை நிற டையோடுகளும் உருவாயின. குறைந்த மின்னாற்றலில் மிகுந்த ஒளி தரும் இவற்றால் கைமின்விளக்கு விரல் அளவுக்குச் சுருங்கியது. நீல டையோடுக்காக இசாமு அகாசாகி, இரோசி அமானோ, சுச்சி நாகமுரா ஆகியோர் 2014 ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பெற்றனர்.

ஒளியின் அளவீடு

விளக்கிலிருந்து வெளிவரும் மொத்த ஒளி லூமென் என்ற அலகிலும், ஒரு திசையில் அதன் செறிவு கேண்டெலா என்ற அலகிலும் அளக்கப்படுகின்றன. 2009 ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்கத் தரநிலையின்படி, ஒளிர்வு 0.25 லக்சு ஆகக் குறையும் தொலைவே கற்றையின் எட்டும் தொலைவு ஆகும். இது ஏறத்தாழ முழுநிலவின் ஒளிக்குச் சமம். ஒளிர்வு தொலைவின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறைவதால், எட்டும் தொலைவை இருமடங்காக்கச் செறிவை நான்கு மடங்காக்க வேண்டும். 400 கேண்டெலா விளக்கு 40 மீட்டரும், 1,600 கேண்டெலா விளக்கு 80 மீட்டரும் எட்டும்.

மிகுந்த ஒளி எப்போதும் நன்மை தருவதில்லை. மனிதக் கண் இருளுக்கு முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடங்கள் வரை தேவைப்படுகிறது. பேரொளி ஒன்றைக் கண்டதும் அப்பழக்கம் அழிந்துவிடுகிறது. ஆகவே அறைக்குள்ளும் அருகில் உள்ளவற்றைக் காணவும் சில லூமென் ஒளியே ஏற்றது.

பாம்புக்கடியும் கைமின்விளக்கும்

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 இலட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர், இறந்ததாக 2020 இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. இவற்றுள் பெரும்பாலானவை ஊர்ப்புறங்களில் நிகழ்ந்தவை. கட்டுவிரியன் இரவில் நடமாடுவது. கண்ணாடி விரியனின் நிறம் உலர்ந்த சருகுகளுடன் ஒன்றிவிடுவதால், வயல் வரப்பில் நடப்பவர் அதனை அறியாமல் மிதித்துவிட நேர்கிறது. எனவே இரவில் கைமின்விளக்குடனும் காலணியுடனும் நடக்குமாறு அறிவுறுத்தப்படுகிறது. விறகுக் குவியலில் கைவைக்கும் முன்னும் ஒளி பாய்ச்சிப் பார்த்தல் நன்று. ஒளியைக் கண்டு பாம்பு விலகிவிடும் என எண்ணுதல் தவறு. ஒளியின் துணையால் விலக வேண்டியவர் மனிதரே.

பாதுகாப்பில் பங்கும் வரம்பும்

2003 ஆகத்து 14 அன்று அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியிலும் கனடாவிலும் ஏற்பட்ட மின்தடையில் ஏறத்தாழ 5 கோடிப் பேர் பாதிக்கப்பட்டனர். நியூயார்க்கில் சுரங்கத் தொடருந்துகள் நின்றதால் பயணிகள் சுரங்கப்பாதை வழியே நடந்து வெளியேற நேர்ந்தது. இத்தகைய வேளைகளில் வீட்டு அலமாரியில் உள்ள பெரிய விளக்கு உதவாது. சட்டைப்பையில் உள்ள சிறிய விளக்கே உதவும்.

திடீரென முகத்தில் படும் ஒளி ஒருவரைச் சிறிது நேரம் கூசச் செய்யும். எனினும் அது தாக்குபவரைத் தடுத்து நிறுத்தும் என்பதற்கு உறுதி இல்லை. விலகிச் செல்லவும் உதவி கோரவும் கிடைக்கும் கால இடைவெளியாகவே அதனைக் கருத வேண்டும். சாலையில் ஓட்டுநர்களின் கண்ணில் ஒளி பாய்ச்சுவது விபத்துக்கு வழிவகுக்கும். நடந்து செல்பவர் ஒளியைத் தரை நோக்கிப் பிடிப்பதே முறை.

கைபேசி விளக்குடன் ஒப்பீடு

கைபேசியின் விளக்கு அகன்று பரவும் ஒளியைத் தருவதால் சில மீட்டர்களுக்கு அப்பால் பயன்படுவதில்லை. மேலும், நெருக்கடியில் அழைப்புக்குத் தேவையான மின்னேற்றத்தை அது செலவிடுகிறது. தனி விளக்கு இருப்பின் ஒரு கையில் ஒளியும் மறு கையில் தொலைபேசியும் இருக்கும்.

பராமரிப்பு

* காரக் கலங்களை நீண்டநாள் பயன்படுத்தாமல் விளக்கினுள் விட்டுவைத்தால் கசிந்து தொடுமுனைகளை அரிக்கும்.
* இலித்தியம் அயனிக் கலங்களை நாணயம், சாவி ஆகியவற்றுடன் ஒரே பையில் வைத்தால் குறுக்குச்சுற்று ஏற்பட்டுத் தீப்பற்றலாம்.
* வானூர்திப் பயணத்தில் உதிரி இலித்தியம் கலங்களைக் கைப்பையில் மட்டுமே கொண்டுசெல்ல வேண்டும்.
* பொத்தான் வடிவக் கலங்களைக் குழந்தைகள் விழுங்கினால் உணவுக்குழாய் கடுமையாகப் புண்படும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.
* வாரம் ஒருமுறை விளக்கை எரியவிட்டுச் சோதித்தல் நலம்.

இவற்றையும் பார்க்க

* உலர் மின்கலம்
* ஒளி உமிழ் டையோடு
* பாம்புக்கடி