எந்தப் பந்து உங்கள் கைக்கு ஏற்றது?

‘கோல்ஃப் பணக்காரர்கள் ஆட்டம்’ என்ற எண்ணம் நம்மவர்களிடையே மெல்ல மாறி வருகிறது. தலைநகர் தில்லியில் லாடோ சராயில் உள்ள குதுப் கோல்ஃப் மைதானம்போல, கட்டணம் செலுத்தி யார் வேண்டுமானாலும் ஆடக்கூடிய இடங்கள் வந்துவிட்டன. பணி ஓய்வுக்குப் பிறகு கற்றுக்கொள்பவர்கள், மகனையோ மகளையோ பயிற்சிக்கு அழைத்து வருபவர்கள் என்று தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றை ஞாயிறு காலைகளில் அங்கே பார்க்கிறேன். அவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி, “விலை உயர்ந்த பந்து வாங்கினால் ஆட்டம் முன்னேறுமா?” என்பதுதான். ஒரு பந்துக்கே சில நூறு ரூபாய் கொடுக்க வேண்டியிருக்கும்போது இது நியாயமான கேள்வியே.

முதலில் பந்தைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வோம். கல்கத்தாவில் 1829-ல் கோல்ஃப் கிளப் தொடங்கியபோது ஆடிய பந்து, தோல் பைக்குள் இறகுகளைத் திணித்துத் தைத்தது. 1848 வாக்கில் மலேயாவிலிருந்து வந்த ‘கட்டாபெர்ச்சா’ என்ற மரப்பாலில் பந்து செய்தார்கள். அடிபட்டுக் கீறல் விழுந்த பழைய பந்து புதுப் பந்தைவிட நன்றாகப் பறப்பதைக் கண்டுதான், பின்னர் மேற்பரப்பில் வேண்டுமென்றே குழிகள் வைக்கத் தொடங்கினார்கள். 1898-ல் ஹாஸ்கெல் என்ற அமெரிக்கர் ரப்பர் நூலைச் சுற்றிய பந்தைக் கொண்டுவந்தார். இன்றைய விதிப்படி பந்தின் எடை 45.93 கிராமுக்கு மேல் போகக்கூடாது; விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. பந்து புறப்படும் வேகத்துக்கும் போகும் தூரத்துக்கும்கூட உச்சவரம்பு உண்டு. ஆகவே, ‘இந்தப் பந்து மட்டும் மற்றவற்றைவிட ஐம்பது கெஜம் கூடப் போகும்’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அப்படியானால் விலை வித்தியாசம் எதற்கு? பெரும்பாலும் உட்புற அடுக்குகளுக்கும் மேலுறைக்கும்தான். மலிவான பந்துகள் பெரும்பாலும் இரண்டு அடுக்குள்ளவை. பெரிய ரப்பர் உட்கரு, அதன்மேல் ‘அயனோமர்’ என்ற கெட்டியான உறை. நேராகப் போகும், தூரம் போகும், எளிதில் கிழியாது. உயர்ந்த ரகப் பந்துகளில் மூன்று முதல் ஐந்து அடுக்குகள் இருக்கும். மேலுறை ‘யுரேத்தேன்’ என்ற மென்மையான பொருள். 2000-ல் டைட்லிஸ்ட் நிறுவனத்தின் புரோ வி1 வந்தபின், தொழில்முறை ஆட்டக்காரர்கள் ரப்பர் நூல் சுற்றிய பந்துகளைக் கைவிட்டு இந்த வகைக்கு மாறிவிட்டார்கள். யுரேத்தேன் உறையை வெட்ஜின் வரிக்கோடுகள் நன்றாகப் பற்றிக்கொள்ளும். அதனால் பந்து பின்சுழற்சி பெற்று, கிரீனில் விழுந்ததும் ஓடாமல் நிற்கும். நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணம் முக்கியமாக இதற்குத்தான். டிரைவரால் அடிக்கும் தூரத்துக்கு அல்ல.

அடுத்தது ஸ்விங் வேகம். அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர்களின் டிரைவர் மணிக்குச் சுமார் 115 மைல் வேகத்தில் பந்தைச் சந்திக்கிறது. நம்மைப் போன்ற சாதாரண ஆட்டக்காரர்களுக்கு 90 மைல் கிட்டினாலே நல்லது. பந்தின் கடினத்தை ‘கம்ப்ரெஷன்’ என்ற எண்ணால் குறிப்பார்கள். எண் ஏற ஏறக் கடினமும் ஏறும். பிரிட்ஜ்ஸ்டோன் நிறுவனம் 2020-ல் வெளியிட்ட டூர் பி வரிசையில் 105 மைலுக்கு மேற்பட்டவர்களுக்கு இரண்டு பந்துகளும், குறைந்தவர்களுக்கு இரண்டு பந்துகளும் என்று பிரித்தே கொடுத்தது. ஆனால் மெதுவாக அடிப்பவர் கடினமான பந்தைத் தொடவே கூடாது என்பதில்லை. அரை மில்லி செகண்டுக்கும் குறைவான அந்த மோதலில் எந்தப் பந்தும் ஓரளவு அமுங்கத்தான் செய்யும். மென்மை என்பது பெரும்பாலும் கையில் தெரியும் சுகம். அதையும் அலட்சியம் செய்ய வேண்டாம். தட்டும்போது வரும் ஒலி பிடித்திருந்தால் பட்டிங்கில் தைரியம் பிறக்கிறது.

வேகத்தைவிட முக்கியம், உங்கள் பந்து எப்படிப் பறக்கிறது என்பது. தாழ்ந்து பறந்து, கிரீனைத் தாண்டி ஓடுகிறதா? உயரமாகப் பறந்து அதிகம் சுழலும் பந்தைத் தேடுங்கள். புரோ வி1 எக்ஸ் அப்படிப்பட்டது. சற்றுக் கெட்டியாகவும் இருக்கும். மாறாக, பந்து மேலே மேலே ஏறி, எதிர்காற்றில் தொங்கி விழுகிறதா? அதே நிறுவனத்தின் ஏவிஎக்ஸ்போலக் குறைவாகச் சுழலும் பந்து உதவும். எப்போதும் வலப்புறம் வளைந்து ஓடும் ‘ஸ்லைஸ்’ உள்ளவர்களுக்குச் சுழற்சி குறைந்த பந்து வளைவைக் கொஞ்சம் குறைக்கலாம். ஆனால் நோய் ஸ்விங்கில் இருக்கிறது. அதற்கு மருந்து பயிற்சியாளரிடம்தான் கிடைக்கும்.

எப்படிச் சோதிப்பது? கடையில் டஜன் கணக்கில் வாங்காமல், இரண்டு மூன்று ரகங்களில் சில பந்துகளை மட்டும் வாங்குங்கள். மைதானத்தில் கூட்டமில்லாத மாலையில் கிரீனிலிருந்து பின்னோக்கிச் சோதியுங்கள். முதலில் பட்டிங், பிறகு 30 கெஜத்திலிருந்து சிப், அடுத்து 100 கெஜத்திலிருந்து வெட்ஜ் அல்லது குட்டை அயர்ன். டிரைவர் கடைசியில்தான். எது எத்தனை அடி ஓடி நிற்கிறது என்று ஒரு சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள். தில்லி ஜனவரிக் குளிரில் எந்தப் பந்தும் கட்டையாகிவிடும். மழைக்காலத்து ஈரமான கிரீனில் எந்தப் பந்தும் நிற்கும். ஆகவே எல்லா ரகங்களையும் ஒரே நாளில் ஒப்பிடுவதுதான் சரி. ஒன்றைத் தேர்ந்தபின் பத்துப் பன்னிரண்டு ஆட்டங்களாவது அதையே ஆடுங்கள். இன்று ஒன்று, நாளை ஒன்று என்றால் கைக்கு எதுவுமே பழகாது.

இவ்வளவும் சொன்னபின், பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. ஓர் ஆட்டத்தில் நான்கு ஐந்து பந்துகளைப் புதரிலும் குளத்திலும் தொலைக்கும் நிலையில் இருப்பவருக்கு யுரேத்தேன் பந்து வீண் செலவு. அதைவிடக் கவலைக்குரியது இன்னொன்று. “தொலைத்துவிடாதே, விலை அதிகம்” என்று அப்பா சொன்னதும் பிள்ளையின் தோள் இறுகிப்போவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பயந்து அடிக்கும் ஸ்விங்குக்கு எந்த நிறுவனமும் பந்து செய்யவில்லை. தொடக்கத்தில் இரண்டடுக்குப் பந்தே போதும். மற்றவர்கள் தொலைத்ததைத் தேடியெடுத்து விற்கும் பழைய பந்துகளும் பயிற்சிக்கு உதவும். வெகுநாள் தண்ணீரில் கிடந்ததையும், வண்ணம் பூசிப் புதிதாக்கியதையும் மட்டும் தவிர்க்கலாம்.

ஒரே பந்தால் பதினெட்டுக் குழிகளையும் ஆடி முடிக்கும் நாள் அடிக்கடி வரத் தொடங்கட்டும். கிரீனுக்கருகே சிப் அடித்தால் பந்து நாம் நினைத்த இடத்தில் விழட்டும். அதன்பின் உயர்ந்த ரகப் பந்தை வாங்கிப் பாருங்கள். விழுந்த பந்து ஒரு முறை துள்ளி, பிடித்து நிறுத்தியதுபோல் நிற்கும்போது, கொடுத்த காசு எங்கே போயிற்று என்பது உங்களுக்கே தெரியும்.