மிகிந்தலை மலையில் ஒரு நாள்: தங்கவயலிலிருந்து போகிறவர்களுக்கு

கோலார் தங்கவயலில் பௌத்தத்துக்கு நூறாண்டைத் தாண்டிய வேர் உண்டு. அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட்டோடு கொழும்புக்குப் போய், சுமங்கல நாயக்க தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பினார். சென்னையில் அவர் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்தின் வலுவான கிளைகளில் ஒன்று தங்கவயலின் மாரிகுப்பத்தில் எழுந்தது. சுரங்கத் தொழிலாளர்களும் மேஸ்திரிகளும்தான் அதைத் தாங்கினார்கள். பண்டிதரின் நூல்கள் மாரிகுப்பம் சித்தார்த்த புத்தகசாலை வழியாக வெளிவந்தன. அவர் 1914இல் மறைந்தபின் சில காலத்தில் நின்றுபோன அவரது ‘தமிழன்’ இதழை, 1926இல் ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்தே மறுபடி நடத்தினார்.

அந்த மரபில் வந்த குடும்பங்கள் இலங்கைக்குப் போக நினைத்தால், ஒரே நாளில் நிறைவாகப் பார்க்கக்கூடிய மலைத்தலம் மிகிந்தலை. அங்கே போகிற பலர் பாதி மலைவரை வண்டியில் ஏறி, உச்சியில் நாலு படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். அப்படிப் பார்த்தால் மலையின் பாதிக்கதை கைவிட்டுப் போகும். அடிவாரத்திலிருந்து வரிசையாக ஏறிப் பார்த்தால்தான் ஒரு சங்கம் எப்படி உண்டது, எப்படி மருந்து கொடுத்தது, யாருக்கு என்ன கூலி அளந்தது என்பதெல்லாம் தெரியும்.

மலையின் கதை

அநுராதபுரத்துக்குக் கிழக்கே சுமார் 13 கிலோமீட்டரில், ஏறக்குறைய 300 மீட்டர் உயரமுள்ள பாறைக்குன்று மிகிந்தலை. கி.மு. 3ஆம் நூற்றாண்டில், பொசன் மாதப் பௌர்ணமியன்று, அசோகரின் மகனான மகிந்த தேரர் இங்கே வந்து இறங்கியதாக மகாவம்சம் சொல்கிறது. மான் வேட்டைக்கு வந்த மன்னன் தேவநம்பிய தீசனைத் தேரர் பெயர் சொல்லி அழைத்து நிறுத்தினார்.

உபதேசத்துக்கு முன் மன்னனுக்கு ஒரு சோதனை நடந்தது. பக்கத்து மரத்தைக் காட்டி என்ன மரம் என்று கேட்டார் தேரர். மாமரம் என்றான் மன்னன். இதைத் தவிர வேறு மாமரங்கள் உண்டா, மாமரம் அல்லாத மரங்கள் உண்டா என்று அடுத்தடுத்துக் கேட்டார். இரண்டும் நிறைய உண்டு என்றான். மற்ற மாமரங்களையும், மாமரம் அல்லாத மரங்களையும் கழித்துவிட்டால் மிஞ்சுவது எது என்றார் கடைசியில். இதோ நிற்கும் இந்த மாமரம்தான் என்றான் மன்னன். கேட்பதைக் கவனித்துச் சிந்திக்கக்கூடியவன் என்று தெரிந்த பிறகே தேரர் தம்மத்தைச் சொன்னார். அறிவைச் சோதித்துப் பார்த்துப் பேச்சைத் தொடங்கியது இந்தக் கதையின் பெருமை.

எப்படிப் போவது, எப்போது போவது

மாரிகுப்பத்திலிருந்து பெங்களூருக்கு ஓடும் ரயில் தங்கவயல்காரர்களுக்குத் தினப்படி வண்டி. பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் கொழும்புக்கு நேரடி விமானம் உண்டு. விமான நிலையம் கட்டுநாயக்கவில் இருக்கிறது. அங்கிருந்து அநுராதபுரம் நான்கைந்து மணி நேரச் சாலைப் பயணம். கொழும்பு கோட்டை நிலையத்திலிருந்து ரயிலிலும் போகலாம். பாஸ்போர்ட் கட்டாயம் வேண்டும். நுழைவு அனுமதி விதிகள் அடிக்கடி மாறுவதால், டிக்கெட் எடுக்குமுன் இலங்கை அரசின் இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் இரவே அநுராதபுரத்தில் தங்கிவிடுங்கள். மேல் தளத்தில் வெறுங்காலோடு நடக்க வேண்டும். பத்து மணிக்கு மேல் பாறை சுடும். ஆகவே காலை ஆறு மணிக்கெல்லாம் கிளம்பிவிட வேண்டும். பஸ்ஸிலோ ஆட்டோவிலோ அரைமணியில் அடிவாரம் சேரலாம். வெளிநாட்டவருக்கு மலையில் நுழைவுச்சீட்டு உண்டு. அநுராதபுரத்தின் சீட்டு இங்கே செல்லாது.

ஜூனில் வரும் பொசன் போயா என்னும் பௌர்ணமியன்று வெள்ளுடையில் மலையே நிரம்பி வழியும். வழியெங்கும் தன்சல் போட்டு இலவசமாகச் சோறும் பானமும் கொடுப்பார்கள். மக்களின் பக்தியைக் காண அதைவிட நல்ல நாள் இல்லை. கல்வெட்டையும் சிற்பத்தையும் நின்று பார்க்க வேண்டுமென்றால் சாதாரண வாரநாள்தான் சரி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை பிடிக்கும், பாறை வழுக்கும்.

வழிகாட்டியை எப்படித் தேர்ந்தெடுப்பது

இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை வழிகாட்டிகளுக்கு உரிமம் தருகிறது. நாடு முழுவதற்குமான தேசிய வழிகாட்டி, வண்டியோட்டியே வழிகாட்டியாக வருபவர், ஒரு பகுதிக்கு மட்டுமானவர், ஒரே தலத்துக்கு மட்டுமானவர் என்று வகைகள் உண்டு. மிகிந்தலைக்கு அந்தத் தலத்தை அறிந்தவரே போதும். உரிம அட்டையைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. கூலி எவ்வளவு, எத்தனை மணி நேரம், தமிழில் பேசுவாரா என்பதை முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

அதைவிட முக்கியம், உங்களுக்கு என்ன வேண்டும் என்பதைச் சொல்லிவிடுவது. அடிவாரத்து மருத்துவமனையிலிருந்து தொடங்க வேண்டும், கல்வெட்டுப் பலகைகளின் முன் நின்று பொருள் சொல்ல வேண்டும், இறங்கும்போது நாகப்பொய்கை வழியாக வரவேண்டும்: இந்த மூன்றையும் கேட்டு வாங்குங்கள்.

அடிவாரம்: மருத்துவமனை

படிக்கட்டு தொடங்குமுன் தரைமட்டத்தில் ஒரு கட்டடத்தின் அடித்தளம் கிடக்கிறது. முற்றத்தைச் சுற்றிச் சிறுசிறு அறைகள். இது விகாரையின் பழைய மருத்துவமனை. 9ஆம் நூற்றாண்டினது என்பார்கள். ஓர் அறையில் உள்ள கல்தொட்டியை அருகில் போய்ப் பாருங்கள். முழுக்கல்லுக்குள் மனித உடலின் வடிவத்தில் குடைந்திருக்கிறார்கள்: தலைக்கு ஓர் இடம், தோள் விரியும் இடம், கால் நீளும் இடம். நோயாளியை அதில் படுக்கவைத்து மூலிகை எண்ணெயிலோ கஷாயத்திலோ ஊறவைத்திருக்கிறார்கள். ஆள் மூழ்க வேண்டும், ஆனால் மருந்து வீணாகக் கூடாது என்று அளந்து செதுக்கிய கல் அது. புத்தர் நோயுற்ற பிக்குவுக்குத் தாமே பணிவிடை செய்த கதையை அறிந்தவர்களுக்கு, மலையின் வாசலில் மருத்துவமனை ஏன் என்று விளக்கத் தேவையில்லை.

படிகளும் கண்டக சேதியமும்

இங்கிருந்து மேலே மொத்தம் 1,840 கருங்கல் படிகள் என்பது கணக்கு. அகலமான, தாழ்வான படிகள். இருபுறமும் ஈழத்தலரி மரங்கள் நிழல் தரும். முட்டிவலி உள்ளவர்கள் பழைய சாலை வழியாக வண்டியில் நடுத்தளம்வரை போய்விடலாம். ஏறக்குறைய பாதிப் படிகள் மிச்சம்.

முதல் படிவரிசை முடிந்ததும் வலப்புறம் பிரியும் பாதை கண்டக சேதியத்துக்குப் போகும். இலங்கையின் மிகப் பழைய தூபிகளில் ஒன்று. நான்கு திசையிலும் செதுக்கிய கல்முகப்புகள் இருக்கின்றன. அவற்றில் குள்ள பூதங்கள், யானைகள், பறவைகள். சுற்றுப்புறத்துப் பாறைகளின் நெற்றியில் நீளமாக ஒரு விளிம்பு வெட்டியிருப்பதைக் கவனியுங்கள். மழைநீர் உள்ளே வழியாமல் சொட்டி விழுவதற்கான ஏற்பாடு அது. அதன் கீழே பிக்குகள் வசித்த குகைகளும், குகையைத் தானம் செய்தவர் பெயர் சொல்லும் பிராமி எழுத்துகளும் உள்ளன.

நடுத்தளம்: சோற்றுக்கூடமும் கல்வெட்டும்

இரண்டாம் தளத்தில் பிக்குகளின் உணவுக்கூடம். பெரிய கல்தொட்டிகள் இரண்டில் ஒன்று சோற்றுக்கு, மற்றது கஞ்சிக்கு. எத்தனை பேர் உண்டிருப்பார்கள் என்பதைத் தொட்டியின் நீளமே சொல்லிவிடும்.

அதை ஒட்டி ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் இரண்டு கற்பலகைகள்தான் இந்த மலையின் நெஞ்சு என்பேன். 10ஆம் நூற்றாண்டில் நான்காம் மகிந்த மன்னன் பழைய சிங்களத்தில் வெட்டுவித்தவை. பிக்குகள் விடியலில் எழுந்து தியானம் செய்து, பல் துலக்கி, முறையாகச் சீவரம் உடுத்து வந்தே கஞ்சியும் சோறும் பெறவேண்டும் என்கிறது ஒரு விதி. விகாரையின் வரவு செலவைத் தினமும் எழுதிக் கணக்குக் காட்டவேண்டும் என்கிறது இன்னொன்று. பிறகு நீளமான ஒரு பட்டியல்: சமையல் செய்பவர், பானை வனைபவர், துணி வெளுப்பவர், வைத்தியர் என்று ஒவ்வொருவருக்கும் எவ்வளவு அரிசி, எவ்வளவு நிலம் என்று வரையறுத்திருக்கிறது.

இதைச் சமத்துவ சாசனம் என்று சொல்லிவிட முடியாது. விகாரைக்கு ஊர்களும் வயல்களும் சொந்தமாக இருந்தன. வேலை செய்தவர்கள் அந்த நிலத்தோடு கட்டுண்டவர்கள். ஆனாலும் உழைப்பவருக்குத் தரவேண்டியது இவ்வளவு என்று, எவரும் மறுக்க முடியாதபடி பொது இடத்தில் கல்லில் எழுதி நிறுத்தியிருக்கிறார்கள். கைரேகைப் பதிவை எதிர்த்து 1930இல் சுரங்கத்தை நிறுத்திய ஊர் தங்கவயல். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, நிலுவைக்காக அலைந்த குடும்பங்கள் அங்கே ஏராளம். அந்த ஊர்க்காரர் இந்தப் பலகையின் முன் நிற்கும்போது அது வெறும் தொல்லியல் பொருளாகத் தெரியாது.

மேல் தளம்

கடைசிப் படிவரிசை ஏறினால் செருப்பும் தொப்பியும் கழற்றும் இடம். உள்ளே மாமரச் சந்திப்பு நடந்த இடமாகக் கருதப்படும் அம்பஸ்தல தூபி, சுற்றிலும் ஒல்லியான கல்தூண்களோடு நிற்கிறது. ஒரு பக்கம் ஆராதனாகல என்னும் செங்குத்துப் பாறை. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறலாம், காற்று பலமாக அடிக்கும், சிறுபிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். மறுபக்கம் வெண்மையான மகாசேயா தூபி. இங்கிருந்து பார்த்தால் மேற்கே அநுராதபுரத்தின் பெருந்தூபிகளும் குளங்களும் தெரியும்.

மகிந்தரின் குகைக்குக் கொஞ்சம் இறங்கி நடக்கவேண்டும். பாறைக்கடியில் வழவழப்பான ஒரு கற்படுக்கை, வேறொன்றும் இல்லை. தேரர் தங்கிய இடம் இது என்பது மரபு.

இறங்கும் வழி: தண்ணீர்

நாகப்பொய்கை வழியாக இறங்குங்கள். பாறையைக் குடைந்த குளம். பின்சுவரில் ஐந்து தலை நாகம் படமெடுத்து நிற்கும். மழைநீரை இங்கே தேக்கிக் கீழே கொண்டுபோயிருக்கிறார்கள். நடுத்தளத்துக்கு அருகில் பின்னங்கால்களில் எழுந்து நிற்கும் கற்சிங்கத்தின் வாயிலிருந்து அந்தத் தண்ணீர் கொட்டியது. தெம்பிருந்தால் நாகப்பொய்கைக்கு மேலுள்ள எத் வெஹர தூபிக்கும் ஏறலாம். மலையின் உச்சி அதுதான்.

நடந்துகொள்ளும் முறை

தோளும் முழங்காலும் மூடிய வெள்ளை அல்லது வெளிர் உடை நல்லது. தூபியை வலமாகச் சுற்றுவது வழக்கம். நம் கோயிலைப் போல அர்ச்சனைச் சீட்டு, பிரசாதம் கிடையாது. பூவை நீங்களே வைக்கலாம், விளக்கை நீங்களே ஏற்றலாம், பஞ்சசீலத்தை நீங்களே சொல்லலாம். வாடப்போகும் பூவை வைப்பதே நிலையாமையை நினைக்கத்தான். புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுப்பதை அங்குள்ளவர்கள் அவமதிப்பாகக் கருதுகிறார்கள். உடம்பில் புத்தர் உருவத்தைப் பச்சை குத்தியிருந்தால் மூடிக்கொள்ளுங்கள். குரங்குகள் உண்டு, தின்பண்டம் பையை விட்டு வெளியே வரக்கூடாது. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீராவது வேண்டும்.

பதினொரு மணிக்குள் இறங்கிவிட்டால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அநுராதபுரத்தில் ஸ்ரீ மகாபோதி மரத்தையும் ருவன்வெலிசாய தூபியையும் பார்க்கலாம். அதற்கு மேல் திணித்தால் எதுவும் மனதில் நிற்காது.

நேரமோ தெம்போ குறைந்து எதையாவது விட வேண்டி வந்தால் உச்சியை விடுங்கள். பெரியவர்கள் நடுத்தளத்தோடு நின்றாலும் குறையில்லை. மருத்துவமனையையும் சோற்றுக்கூடத்தையும் கூலி எழுதிய பலகைகளையும் மட்டும் விட்டுவிடாதீர்கள்; பிள்ளைகளை அவற்றின் முன் நிறுத்தி, வழிகாட்டியை ஒவ்வொன்றாக விளக்கச் சொல்லுங்கள்.