மலைமேல் ஒரு மைக்ரோ – 7: டிரங்குப் பெட்டியில் பதினொரு கேசட்

பவர் சப்ளையில் இருந்த பழைய ஃபில்டர் கண்டென்சர்களை மாற்றிவிட்டு பி.பி.சி. மைக்ரோ கணினிக்கு மின்சாரம் கொடுத்ததோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன். அந்தக் கண்டென்சர்களின் மேலுறை நாளாவட்டத்தில் விரிசல் விட்டு ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பனி வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும் மலையூரான கொட்டச்சேட்டில் கேட்கவே வேண்டாம். மாற்றாமல் சுவிட்சைப் போட்டிருந்தால் அறை முழுக்கப் புகைதான். இப்போது திரையில் 'பேசிக்' என்ற சொல் வந்து நிற்கிறது. ஓட்டிப் பார்க்க நிரல்தான் வேண்டும்.

இங்கிலாந்தில் எழுதப்பட்டவை கிடைப்பது எளிது. 1981 டிசம்பரில் வெளிவந்த கணினி இது. 1984இல் வந்த 'எலைட்' விளையாட்டு முதல் வகுப்பறைக் கணக்குப் பாடங்கள் வரை அந்த நாட்டு ஆர்வலர்கள் பொறுமையாகத் திரட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு எஸ்.டி. கார்டில் அத்தனையும் அடங்கிவிடும். கணினியின் அடிப்பக்கத்தில் உள்ள யூசர் போர்ட்டில் அதற்கான சிறு பலகையைச் செருகினால் போதும்.

எனக்கு வேண்டியிருந்தது வேறு. 1984–85இல் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற கணினிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியபோது, முதல் கட்டத்தில் 250 பள்ளிகளுக்குப் போனது இந்தக் கணினிதான். மொகாலியில் இருந்த செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் இதன் இந்திய வடிவத்துக்கு 'எஸ்.சி.எல். யூனிகார்ன்' என்று பெயர் வைத்தது. நம் ஆசிரியர்கள் இதில் உட்கார்ந்து தாங்களாகவே நிரல் எழுதினார்கள். அவற்றை இங்கிலாந்தில் யாரும் சேர்த்து வைக்கப்போவதில்லை. அவை பரண்களிலும் பள்ளி பீரோக்களிலும்தான் இருக்க வேண்டும். இதைப் படிக்கும் ஆசிரியர் யாராவது இருந்தால் ஒரு வேண்டுகோள்: பழைய கேசட் என்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

எனக்கு அப்படி ஒரு பெட்டி குப்பனூர் சாலையோரத்தில், மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே உள்ள ஒரு வீட்டில் கிடைத்தது. கீழே சேலத்தில் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் வீடு. டிரங்குப் பெட்டியில் பதினொரு கேசட். ஒன்றின் மேல் அவர் கையெழுத்தில் 'தமிழ் எழுத்து – 2' என்று இருந்தது.

"ஓடுமா தம்பி?" என்றார்.

"பார்க்கலாம் சார். அவசரப்பட்டால் நாடா போய்விடும்."

நாடாவின் ஓரமெல்லாம் வெள்ளைப் பூஞ்சை. சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் பத்து நாள் வைத்து உலர்த்தினேன். பிறகு கையாலேயே மெல்லச் சுற்றி மென்துணியால் துடைத்தேன். டேப் ரிக்கார்டரின் ஹெட்டையும் ரப்பர் உருளையையும் ஸ்பிரிட்டால் சுத்தம் செய்தேன். ஹெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திருகு இருக்கும். கேசட்டை ஓடவிட்டு, கீச்சொலி மிகத் தெளிவாகக் கேட்கும்வரை அதை மயிரிழை மயிரிழையாகத் திருப்ப வேண்டும். பழைய கேசட் படிக்காமல் போவதற்கு முக்கால்வாசிக் காரணம் இந்தத் திருகுதான் என்பது என் அனுபவம்.

நேராகக் கணினிக்குள் ஏற்றாமல் முதலில் லேப்டாப்பில் ஒலியாகப் பதிந்துகொண்டேன். நாடாவை மறுபடி மறுபடி ஓட்டுவது ஆபத்து. பதிவை எத்தனை தடவையும் அலசலாம். 2400 ஹெர்ட்ஸில் இரண்டு அலை வந்தால் ஒன்று, 1200 ஹெர்ட்ஸில் ஓர் அலை வந்தால் பூஜ்யம். 256 பைட்டுக்கு ஒரு தொகுதி. ஒவ்வொன்றின் முடிவிலும் சரிபார்ப்பு எண் இருப்பதால் எந்தத் தொகுதி பழுது என்பது உடனே தெரிந்துவிடும். நான்காம் தொகுதி மட்டும் முரண்டு பிடித்தது. கேசட்டின் மறுபக்கத்தில் அவர் இன்னொரு பிரதி எடுத்து வைத்திருந்தார். அந்த முன்யோசனைக்கு அவரைக் கும்பிட வேண்டும்.

இப்படி மீட்ட நிரலை எஸ்.டி. கார்டில் போட்டு அதிலிருந்து ஓட்டினால் 'இடமில்லை' என்று மறுத்தது. காரணம் எளிது. மொத்த மெமரி 32 கிலோபைட். பல வண்ணத் திரைக்கு மட்டும் அதில் 20 போய்விடும். கேசட்டோடு வேலை செய்யும்போது நிரல் 3,584ஆம் பைட்டில் தொடங்கலாம். எஸ்.டி. கார்டுக்கான வட்டு முறையில் 6,400இல்தான் தொடங்கும். எட்டரை கிலோபைட்டாக இருந்த இடம் ஆறுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. வட்டிலிருந்து ஏற்றிய பிறகு கேசட் முறைக்கு மாற்றி, நிரலைக் கீழே நகர்த்தி ஓட்ட வேண்டும். அதைச் செய்ததும் திரையில் 'அ' வந்தது.

அந்த 'அ'வைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்தக் கணினியில் நாமாக வரைந்துகொள்ளும் எழுத்துகளுக்கு 32 இடம்தான். ஒவ்வொன்றும் எட்டுக்கு எட்டுப் புள்ளி. உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று, ஆக 31 என்று அடங்கிவிடுவது போலத் தோன்றும். ஆனால் 'ண'வும் 'ஐ'யும் எட்டுப் புள்ளி அகலத்துக்குள் நிற்குமா? அவற்றுக்கு இரண்டிரண்டு கட்டம் கொடுத்திருந்தார். ஏற்கெனவே திரையில் வரைந்த எழுத்து, அந்த இடத்துக்கு வேறு வடிவம் கொடுத்தாலும் மாறாது. அதனால் ஓர் எழுத்தைக் காட்டி முடித்ததும் அதே இடத்தில் அடுத்ததைப் புகுத்தியிருந்தார். யாரும் சொல்லித் தராமல் அவரே கண்டுபிடித்த வழி.

குறை வேகத்தில்தான். எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் பகுதி புள்ளி புள்ளியாக ஊர்ந்தது. ராஸ்பெர்ரி பை ஒன்றை இரண்டாம் பிராசசராகச் செருகினால் 2 மெகாஹெர்ட்ஸ் கணினிக்கு இருநூறுக்கும் மேலே வேகம் கிடைக்கும். எனக்கு மனம் வரவில்லை. மூலத்தை அப்படியே வைத்துவிட்டு ஒரு பிரதியில் கை வைத்தேன். சுழல்களில் சாதாரண மாறிகளுக்குப் பதிலாக முழுஎண் மாறிகள். சாதாரண வகுத்தலுக்குப் பதிலாக முழுஎண் வகுத்தல். துணைநிரலை அழைக்கும் 'கோசப்' கட்டளை ஒவ்வொரு தடவையும் வரி எண்ணை நிரலின் தலையிலிருந்து தேடும். அதே வேலையைச் செய்யும் 'ப்ராக்' ஒருமுறை தேடியதும் இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். அதனால் 'கோசப்' வந்த இடங்களையும் 'ப்ராக்' ஆக மாற்றினேன். கணினியின் உள்கடிகாரத்தை வைத்து அளந்தபோது நேரம் ஏறக்குறைய பாதியாகியிருந்தது.

மாலையில் அவரை அழைத்துவந்து காட்டினேன். பேசாமல் 'அ'விலிருந்து வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் 'ழ'வில் நிறுத்தச் சொன்னார்.

"கால் ஒரு புள்ளி குறையுது. அன்னைக்கே தெரியும், நேரம் கிடைக்கல."

விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, வரி எண்ணைச் சொல்லிக்கொண்டே ஒரு எண்ணை மாற்றினார். 'ழ' சரியாக வந்தது. 'தமிழ் எழுத்து – 3' என்று பெயர் கொடுத்துச் சேமிக்கச் சொன்னார்.