தெளிவின் அதிகாரம், கலங்கலின் ருசி

சங்கப் பாடல்களில் கள்ளுக்குப் பல பெயர்கள் உண்டு: நறவு, பிழி, மட்டு, தோப்பி, தேறல். இவற்றில் தோப்பி வீட்டில் ஆக்கும் நெற்கள். இன்றைய பீருக்கு நம் பிரதிகளில் கிடைக்கும் மிக நெருங்கிய உறவுக்காரன் அதுதான். தேறல் என்பது தெளிந்த கள். ‘தேறு’ என்ற அதே வினையைத்தான் பரீட்சையில் பாஸானவனுக்கும், காய்ச்சலிலிருந்து எழுந்தவனுக்கும் இன்றும் பயன்படுத்துகிறோம். கொங்குப் பக்கம் புளிக்காத பதநீருக்குத் தெளுவு என்று பெயர். குடித்தவன் நிதானத்துக்கு வந்தால் ‘தெளிஞ்சிட்டான்’ என்கிறோம். ஆக, தெளிவு/கலங்கல் என்ற முரணில் மதிப்பு எப்போதும் ஒரு பக்கத்திலேயே குவிந்து கிடக்கிறது. பானத்தைப் பற்றிய சொல்லே ஒழுக்கத்தைப் பற்றிய சொல்லாகவும் வேலை செய்கிறது. அப்படியானால், கலங்கலாகவும் காட்டமாகவும் இருக்கிற ஒரு பானத்தை நல்லது என்றோ மட்டம் என்றோ சொல்வதற்கு நம்மிடம் என்ன மொழி இருக்கிறது?

இந்தப் பிரச்சினை நமக்கு மட்டுமே உரியதல்ல. பீர் என்றால் கண்ணாடி மாதிரி பளிச்சென்று இருக்கணும் என்பது நவீன ஆலைத் தொழில் நிலைநாட்டிய அழகியல். வடிகட்டுவதும் குளிரவைத்துத் தெளியவைப்பதும் அந்தத் தொழிலின் பெருமைகள். கலங்கல் என்றால் குறை. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ‘தி அல்கெமிஸ்ட்’ என்ற சிறு ஆலை காய்ச்சிய ‘ஹெடி டாப்பர்’ இந்தப் படிநிலையைக் கலைத்த பீர்களில் முக்கியமானது. 8 சதவீத ஆல்கஹால், வடிகட்டாத கலங்கல். 2011இல் அது டின்னில் வந்தபோது, கிளாசில் ஊற்றாமல் டின்னிலிருந்தே குடிக்கும்படி டின் மேலேயே அச்சிட்டிருந்தார்கள். கண்ணின் தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டு, மூக்குக்கும் நாக்குக்கும் இடம் கிடைத்தது. 1985இல் தொடங்கப்பட்ட அமெரிக்க பீர் நடுவர் சான்றிதழ் திட்டம், கலங்கல் பீரை 2018இல் தற்காலிகமாகவும் 2021இல் முறைப்படியும் தனி வகையாக ஏற்றுக்கொண்டது. அவர்களுடைய 50 மதிப்பெண்களின் பிரிவினை கவனிக்கத்தக்கது: மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் தன்மைக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. தெளிவு, நிறம், நுரை மூன்றும் சேர்ந்தே மூன்று மதிப்பெண்தான்.

இந்த அட்டவணையோடு கம்பம் பள்ளத்தாக்குக்கு வருவோம். கூடலூரிலிருந்து உத்தமபாளையம், சின்னமனூர் வரைக்கும் முல்லைப்பெரியாற்றுத் தண்ணீரில் வளர்ந்த தென்னந்தோப்புகள். 1987 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்குவதும் விற்பதும் குற்றம். கம்பம்மெட்டு ஏறினாலோ, லோயர் கேம்ப் தாண்டிக் குமுளிக்குப் போனாலோ கேரளம். அங்கே கள்ளுக்கடை சட்டப்படியான கடை. மரம் ஒன்று, பாளை ஒன்று, அகராதிதான் இரண்டு. மலைக்கு அந்தப் பக்கம் இளங்கள், அந்திக்கள், மூத்த கள் என்று வேளையையும் பருவத்தையும் பிரித்துச் சொல்லும் பேச்சு புழக்கத்தில் இருக்கிறது. இந்தப் பக்கம் ஒரே கேள்விதான்: ‘ஏறுமா, ஏறாதா?’ ஒளிந்து குடிக்கிறவனுக்கு ருசி பார்க்க அவகாசம் கிடையாது. தடை பானத்தை மட்டும் ஒழிக்கப் பார்க்கவில்லை, அதை மதிப்பிடும் மொழியையும் வறளச் செய்துவிட்டது.

கலங்கலுக்கும் ஓர் இலக்கணம் உண்டு. ஒரே மாதிரி மங்கலாகத் தெரிந்தாலும் இரண்டு பானங்களின் மங்கலும் வேறு வேறு. அந்த பீரில் கலங்கலைத் தருவது பெரும்பாலும் ஓட்ஸ், கோதுமையின் புரதமும் ஹாப்ஸ் பூவின் துவர்ப்புச் சத்தும் சேர்ந்து உண்டாகும் நுண்துகள்கள். கள்ளில் மிதப்பது உயிர்: காற்றிலிருந்தும் கலயத்திலிருந்தும் வந்து சேரும் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும். பாளை சீவிய கணத்திலிருந்தே புளிப்பு தொடங்கிவிடுகிறது. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் அது தடைபட்டுப் பதநீராக நிற்கும். தடவாவிட்டால் சர்க்கரை ஆல்கஹாலாக மாறும், கூடவே லாக்டிக் புளிப்பும் ஏறும், அப்படியே விட்டால் மறுநாளைக்குள் காடி. ஆகவே கள் என்பது முடிந்துபோன பொருள் அல்ல, நடந்துகொண்டிருக்கும் ஒரு வினை. ‘இந்தக் கள் எப்படி?’ என்று கேட்பவன் ‘எந்த நேரத்தில்?’ என்றும் சேர்த்தே கேட்க வேண்டும்.

காலைக் கள்ளில் இனிப்பு முன்னே நிற்கும், நாக்கு நுனியில் லேசாகச் சுருசுருக்கும். அந்தியில் இனிப்பு பின்வாங்கிப் புளிப்பும் காட்டமும் மேலேறும். நல்ல கள்ளில் பழுத்த பழ வாசனையும் மாவு புளித்த வாசனையும் கலந்து வரும். காடி நெடி மூக்கில் குத்தினால் பருவம் தப்பிவிட்டது. காட்டம் இருக்கலாம், ஆனால் தொண்டை எரியக்கூடாது. வலுவான கலங்கல் பீருக்கும் நடுவர்கள் இதையேதான் எதிர்பார்க்கிறார்கள்: ஆல்கஹாலின் சூடு தனியாகத் துருத்தக்கூடாது. இன்னொரு விதி, வேதியியலே தருவது: காட்டம் ஏறினால் இனிப்பு இறங்கியாக வேண்டும், ஏனென்றால் ஒன்று தின்றுதான் மற்றது வளர்கிறது. குடிச்சுப் பாத்தா தித்திப்பும் தூக்கலா இருக்கு, தலைக்கும் உடனே ஏறுதுன்னா, அந்தப் பிரதியில் வேறு யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்க வேண்டும்.

அரசு கலங்கலைச் சந்தேகிப்பதன் நியாயமும் இங்கேதான் இருக்கிறது. ஆந்திர, தெலங்கானாப் பகுதிகளில் கள்ளில் குளோரல் ஹைட்ரேட்டும் டயாசிபாமும் கலந்து விற்றது பதிவாகியிருக்கிறது. வெள்ளைக் கலங்கல் எதையும் மறைத்துக்கொள்ளும், இந்த மருந்துகளை நாக்கை நம்பிக் கண்டுபிடிக்கவும் முடியாது. அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டும். கேரள ஆப்காரி விதிகள் தென்னங்கள்ளுக்கு 8.1 சதவீதம் என்று நீண்டகாலம் ஒரு மேல்வரம்பு வைத்திருந்தன. கள் தானாகவே அதைத் தாண்டுமே என்று வழக்குகளும் நடந்தன. வழக்காடவாவது அங்கே ஓர் எண் இருந்தது. தடை செய்த இடத்தில் பரிசோதிக்க எண்ணும் இல்லை, பாராட்டச் சொல்லும் இல்லை. கலப்படத்துக்குப் பயந்து தடுத்தோம் என்றால், கலப்படத்தை அடையாளம் காணும் நாக்கையும் சேர்த்தே தடுத்திருக்கிறோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

எதிர்த்தரப்புச் சொல்லாடலிலும் இதே மௌனம்தான். கள் உணவு, கள் மருந்து, கள் பனையேறியின் வாழ்வாதாரம் என்கிறார்கள். மூன்றுமே விவாதிக்கத்தக்க வாதங்கள். ஆனால் ‘கள் ருசியாக இருக்கும்’ என்ற நாலாவது வாக்கியத்தை மேடையில் யாரும் சொல்வதில்லை. உழைப்பாளியின் பானத்துக்குப் பயன் இருக்கலாம், சுவை இருக்கக்கூடாது என்பது நம் பொதுப்புத்தியில் ஊறிய சாதிய மேட்டிமை. சுவை பற்றிப் பேசும் உரிமை காப்பிக்கும் கர்நாடக சங்கீதத்துக்கும் வழங்கப்பட்டிருக்கிறது. மரமேறுகிறவர் ஒரு சொட்டை நாக்கில் வைத்து ‘இந்த மரம் இப்ப சரியில்ல’ என்று சொன்னால் அது அறிவாகக் கணக்கில் வருவதில்லை.

இதே பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மண்ணும் நீரும் காற்றும் ஒரு பழத்தின் ருசியைத் தீர்மானிக்கின்றன என்பதை அரசே முத்திரை போட்டு ஒப்புக்கொண்டது. அந்தத் திராட்சைப் பந்தலுக்குப் பக்கத்திலேயே நிற்கும் தென்னையின் பாளைக்கு அந்த மண்ணும் நீரும் பொருந்தாமல் போவது எப்படி? தடை நீங்க வேண்டுமா வேண்டாமா என்பது அரசியல் விவாதம், அது நடக்கட்டும். அதற்கு முன் விமர்சனம் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. மரமேறியவர்களும் குடித்தவர்களும் வைத்திருந்த சொற்களை, அந்தத் தலைமுறை போவதற்குள், கேட்டு எழுதி வைக்க வேண்டும். தெளிந்ததற்குத் தேறல் என்று பேர் வைத்த மொழி, தெளியாததற்கு என்னென்ன பேர் வைத்திருந்தது என்பது கூடலூரிலும் கம்பத்திலும் இன்னும் சிலருடைய நாக்கில் மிச்சம் இருக்கும்.