கணையம் விட்ட தடயம்

நாய் நேற்றிலிருந்து சோற்றைத் தொடவில்லை. வாந்தி நிற்கவில்லை. முன்னங்கால்களைத் தரையில் நீட்டி, பின்புறத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. வயிற்றில் வலி என்பது புரிகிறது, எந்த உறுப்பில்? குடலில் எலும்பு அடைத்திருந்தால் அறுவை சிகிச்சை தேவைப்படலாம். கணைய அழற்சி என்றால் பெரும்பாலும் சலைன், வலி மருந்து, வாந்தியை நிறுத்தும் மருந்து. தவறாகக் கணித்தால் உயிரே போகலாம்.

முன்பெல்லாம் ரத்தத்தில் அமைலேஸ், லைப்பேஸ் நொதிகளின் செயல்திறனைப் பார்த்துத்தான் கணையத்தைச் சந்தேகித்தார்கள். ஆனால் லைப்பேஸைக் கணையம் மட்டும் சுரப்பதில்லை. சிறுநீரகம் பழுதானாலும் இந்த அளவுகள் ஏறிவிடும். அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் யோர்க் ஸ்டைனரும் டேவிட் வில்லியம்ஸும் வேறு வழியில் போனார்கள். நொதி செய்யும் வேலையை விட்டுவிட்டு, நாயின் கணையத்துக்கே உரிய லைப்பேஸ் புரதத்தை ஆன்டிபாடியால் பிடித்து அளந்தார்கள். அதிலிருந்து வளர்ந்த பரிசோதனையில் லிட்டருக்கு 200 மைக்ரோகிராமுக்குள் இருந்தால் கணைய அழற்சிக்கு வாய்ப்புக் குறைவு. 400ஐ எட்டினால் சந்தேகம் வலுக்கும். இடைப்பட்ட எண்ணுக்கு ஸ்கேனும் மருத்துவரின் கையும்தான் துணை.

அதே கணையம் தேய்ந்துபோவதும் உண்டு. ஜெர்மன் ஷெப்பர்டுகளில் இது அதிகம். எவ்வளவு தின்றாலும் உடம்பு இளைக்கும். மலம் வெளுத்து, இளகிப்போகும். இங்கே பார்க்க வேண்டியது ரத்தத்தில் டிரிப்சின் வகைப் புரதம் குறைந்திருப்பதை. ஒரு புரதம் குறைந்துபோவதே நோயைக் காட்டிக்கொடுக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

2005இல் டாஷா என்ற பாக்ஸர் நாயின் மரபணுத்தொகை வெளியானபின் இப்படி நோயைக் காட்டும் புரதங்களுக்கான தேடல் விரிந்தது. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் காட்டும் புரதத் துண்டுகள் எந்த மரபணுவுக்கு உரியவை என்று ஒப்பிட ஒரு பட்டியல் கிடைத்துவிட்டது. ரத்தத்தில் மண்டிக் கிடக்கும் ஆல்புமின், அரிய புரதங்களை மறைத்துவிடுகிறது என்பது இன்னும் தீராத தொல்லை. சிறுநீர், உமிழ்நீர், கண்ணீர் என எல்லாவற்றிலும் தேடுகிறார்கள்.

ஆய்வாளர்களிடம் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. நோயுற்ற நாயை ஆரோக்கியமான நாயோடு மட்டும் ஒப்பிட்டுப் புதிய புரதங்களை அறிவிக்காதீர்கள். மேசையில் கிடக்கும் நாய்க்கு நோய் இருப்பது மருத்துவருக்கு ஏற்கெனவே தெரியும். குடலடைப்பு, சிறுநீரகச் செயலிழப்பு, கணைய அழற்சி என ஒரேபோல வாந்தியெடுக்கும் நாய்களைப் பிரித்துக் காட்டும் புரதமே அவருக்கு வேண்டும்.