பாயின் அந்தப் பக்கம்

ஷவ்வால் பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது. காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஓர் அரபி மதரஸா. மதியச் சாப்பாட்டு நேரம். ஆத்தங்குடிக் கல் பதித்த கூடத்தில் பாய் விரித்து, சஹன் என்ற பெரிய தட்டுக்கு நாலு பேராக மாணவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். உஸ்தாதுமார்களுக்கு உள்ளறையில் தனி விரிப்பு. இரண்டுக்கும் நடுவில் இருந்த நிலைப்படியில் ஓர் இளைஞர் கையைக் கழுவிக்கொண்டு வந்து, ஈரக் கையோடு நின்றார். வயது இருபத்து மூன்று இருக்கும். போன ஷஅபான் வரை இதே கூடத்தில் இதே பாயில் உட்கார்ந்து சாப்பிட்டவர். ஸனது என்ற பட்டச் சான்று வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் அதே மதரஸாவில் உஸ்தாத். எந்தப் பக்கம் உட்காருவது என்று அவருக்குத் தெரியவில்லை.

உள்ளே இருந்து முதல்வரின் குரல் கேட்டது. “என்ன ஹஜ்ரத், அங்கேயே நின்னுட்டீங்க? உள்ள வாங்க.”

ஏழு வருடமாக “வாடா தம்பி” என்று கூப்பிட்ட குரல் அது. இளைஞர் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார். கூடத்தில் இருந்த பெரிய பையன்கள் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். போன வருடம் அவர்களுக்கு அவர் “அண்ணே”. இந்த வருடம் அவர்களுக்குப் பாடம் எடுக்கப்போகிறவர்.

நானும் ஏழு வருடம் ஓதியவன். ஆலிம் பட்டம் வாங்கிவிட்டுப் பத்திரிகை வேலைக்கு வந்துவிட்டேன். ஆனாலும் மதரஸா என்றதும் எனக்குப் பட்டமளிப்பு மேடையோ தலைப்பாகையோ நினைவுக்கு வருவதில்லை. அந்த நிலைப்படிதான் வருகிறது. மாணவன் முழுக்க மாணவனாக இல்லாத, உஸ்தாத் இன்னும் முழுக்க உஸ்தாதாகாத அந்த இரண்டு மூன்று வருடம்தான் ஒரு மதரஸாவின் உயிர் என்று நினைக்கிறேன். வெளியே இருப்பவர்கள் அதைப் பார்ப்பதே இல்லை.

மதரஸாவின் வருடம் ஜூனில் தொடங்குவதில்லை. ஷவ்வாலில் தொடங்கி ஷஅபானில் முடிகிறது. ரமலானில் விடுமுறை. ஆனால் பெரிய ஜும்ரா, அதாவது மேல் வகுப்புப் பிள்ளைகளுக்கு அது விடுமுறை மாதம் இல்லை. தேவகோட்டைப் பக்கமோ திருப்பத்தூர்ப் பக்கமோ ஏதாவது ஒரு கிராமத்துப் பள்ளிவாசலுக்குத் தராவீஹ் தொழ வைக்கவும் பயான் பேசவும் போய்விடுவார்கள். இருபது வயதுப் பையனுக்குப் பின்னால் அவன் தாத்தா வயதுக்காரர்கள் கைகட்டி நிற்பார்கள். தொழுகை முடிந்ததும் ஜகாத் கணக்கில் சந்தேகம் கேட்பார்கள், தம்பிமார் பாகப்பிரிவினைக்கு வழி கேட்பார்கள். முப்பது நாள் “ஹஜ்ரத்”தாக இருந்துவிட்டு ஷவ்வாலில் திரும்பிவந்து, தன் துணியைத் தானே துவைத்துக்கொண்டு, மறுபடியும் மாணவனாகப் பாயில் உட்கார வேண்டும். இந்த ஏற்ற இறக்கத்தை வருடா வருடம் பழகுகிறவன்தான் கடைசி ஜும்ரா மாணவன்.

மதரஸாவுக்குள்ளும் அவன் பாதி உஸ்தாத்தான். ஃபஜ்ருக்கு முன்னால் சின்னப் பிள்ளைகளை எழுப்புவது அவன். வியாழக்கிழமை இரவுப் பேச்சு மன்றத்தில், மேடை ஏறியதும் நாக்கு ஒட்டிக்கொள்ளும் பன்னிரண்டு வயதுப் பையனுக்குக் கீழே இருந்து சைகை காட்டுவதும் அவன்தான். எல்லாவற்றுக்கும் மேலாக மஃரிபுக்குப் பிறகு நடக்கும் தக்ரார். காலையில் உஸ்தாத் நடத்திய ஸபக்கை, அதாவது பாடத்தை, பெரிய மாணவன் ஒருவன் சின்னவர்களை வட்டமாக உட்காரவைத்து முதலிலிருந்து மறுபடியும் சொல்லிக்கொடுக்க வேண்டும். தக்ரார் என்றால் திரும்பச் செய்தல். செட்டிநாட்டு வேதபாடசாலைகளில் சந்தை சொல்வதைக் கேட்டவர்களுக்கு இந்த ஓசை புதிதாக இருக்காது. அங்கே மாணவர்கள் ஆசிரியர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்கிறார்கள். தக்ராரில் பொருளையும் விளக்க வேண்டும்.

பெரியவன் சின்னவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் இந்த வழக்கம் மதரஸாவுக்கு மட்டும் உரியது அல்ல. சென்னை எழும்பூரில் 1789 முதல் 1796 வரை அநாதைப் பிள்ளைகளின் பள்ளியைக் கவனித்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். தன் பள்ளியில் பெரிய பிள்ளைகளைக் கொண்டே சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லவைத்தார். 1797-ல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். இங்கிலாந்தில் அதற்கு மெட்ராஸ் முறை என்றே பெயர் நிலைத்தது. நமக்கு அது சட்டாம்பிள்ளை முறை. பெல்லுக்கு ஐந்தாறு நூற்றாண்டுக்கு முன்பே பவணந்தி முனிவர் நன்னூலில் இதற்குக் கணக்கே போட்டுவிட்டார். ஆசான் சொல்லிக் கேட்பதில் கால் பங்கு, உடன் பயில்வோரோடு பழகுவதில் கால் பங்கு, பிறருக்கு விரித்துரைப்பதில் மீதிப் பாதி என்பது அவர் கருத்து. சமண முனிவர் எழுதிய தமிழ் இலக்கணம் அது. என் மதரஸா வாழ்க்கையை அதைவிடச் சரியாகச் சொன்ன வரிகளை நான் வேறெங்கும் படித்ததில்லை. அரபி இலக்கணம் எனக்குப் புரிந்தது உஸ்தாத் முன்னால் உட்கார்ந்தபோது அல்ல. தக்ராரில் இளையான்குடிப் பையன் ஒருவன் “அண்ணே, அது ஏன் அப்படி?” என்று மூன்றாவது தடவை கேட்டபோதுதான்.

பெரிய ஜும்ராக்களில் தஃப்ஸீர் ஜலாலைன் ஓதாத பிள்ளை தமிழ்நாட்டில் அநேகமாக இல்லை. ‘இரண்டு ஜலால்கள்’ எழுதிய குர்ஆன் விரிவுரை அது. கெய்ரோவின் ஜலாலுத்தீன் மஹல்லி பதினெட்டாவது அத்தியாயத்திலிருந்து கடைசிவரை எழுதி முடித்தார். பிறகு தொடக்கத்துக்குத் திரும்பி முதல் அத்தியாயமான ஃபாத்திஹாவுக்கு எழுதினார். 1459-ல் மறைந்துவிட்டார். மீதி அப்படியே கிடந்தது. ஆறு வருடம் கழித்து, அவருடைய மாணவராக அறியப்படும் ஜலாலுத்தீன் ஸுயூத்தி அதைக் கையில் எடுத்தார். அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயதுகூட நிறையவில்லை. நாற்பதே நாளில் விடுபட்ட பகுதியை, உஸ்தாதின் நடையிலேயே எழுதி முடித்தார். தம் உஸ்தாத் எழுதிய பகுதி தம்முடையதைவிடப் பல படி மேலானது என்றும், தாம் எழுதியதில் பெரும்பாலும் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டதுதான் என்றும் சொல்லிவைத்தார்.

அந்தக் கிதாபைக் கையில் வைத்திருந்த வருடங்களில் எனக்கு இது உறைக்கவில்லை. இப்போது, இருபத்து மூன்று வயது உஸ்தாத் நிலைப்படியில் தயங்கி நிற்பதைப் பார்க்கும்போது உறைக்கிறது. பல நூறு வருடமாகப் பாடமாக இருக்கும் ஒரு நூலின் பாதியை அந்த வயதில்தான் ஒருவர் எழுதியிருக்கிறார்.

தமிழ்நாட்டில் ஓர் ஆலிமின் பெயருக்குப் பின்னால் வரும் சொல்லே அவர் எங்கே ஓதினார் என்பதைச் சொல்லிவிடும். வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தில் ஓதியவர் பாகவி. 1924-ல் காக்கா முஹம்மது உமர் சாஹிப் தொடங்கிய உமராபாத் தாருஸ்ஸலாமில் ஓதியவர் உமரி. சென்னை ஜமாலிய்யாவில் ஓதியவர் ஜமாலி. வேலூர் மதரஸாவை எழுப்பிய ஷாஹ் அப்துல் வஹ்ஹாப் ஹஜ்ரத், மக்காவில் ரஹ்மத்துல்லாஹ் கைரானவியிடம் ஓதித் திரும்பிவந்து பாடம் சொல்லத் தொடங்கியவர். 1919-ல் மறைந்தார். அவரிடமும் அவர் மாணவர்களிடமும் ஓதியவர்கள் ஊர் ஊராகப் போய்ப் பாய் விரித்ததால்தான் அதற்குத் தாய் மதரஸா என்று பெயர். ஒவ்வோர் ஊரிலும் முதல் நாள் பாயில் உட்கார்ந்தவர் அன்றைக்கு ஒரு புது உஸ்தாத்தான்.

என் கடைசி வருடத்திலும் ஒரு புது உஸ்தாத் வந்தார். மதரஸாவின் பெயர் வேண்டாம். எங்களைவிட மூன்று வயது மூத்தவர். ஹனஃபி சட்ட நூலான ஹிதாயா எடுக்க வந்தார். செட்டிநாட்டுப் பக்கத்து ராவுத்தர் வீட்டுப் பிள்ளைகளான நாங்கள் ஹனஃபி. கீழக்கரை, தொண்டிப் பையன்கள் ஷாஃபிஈ, ஃபிக்ஹு என்ற சட்ட வகுப்புக்கு மட்டும் அவர்கள் வேறு அறைக்குப் போய்விடுவார்கள். எங்கள் பக்கம் இருந்த ஒன்பது பேரும் அவரைச் சோதிப்பது என்று முடிவு செய்தோம்.

எங்கள் கிதாபுகள் பழைய கல்லச்சுப் பதிப்பின் நகல்கள். நடுவில் மூலம் இருக்கும். நாலு பக்க ஓரத்திலும் ஹாஷியா என்ற ஓரக்குறிப்பு எறும்பு வரிசைபோலச் சாய்வாக ஓடும். அதைப் படிக்கக் கிதாபையே சக்கரம்போலத் திருப்ப வேண்டும். இரவு முழுக்கத் திருப்பி ஓர் இடத்தைப் பிடித்தோம். மறுநாள் நான்தான் கேட்டேன்: “ஹஜ்ரத், இந்த ளமீர் எங்கே திரும்புது?” அந்தச் சுட்டு எதைக் குறிக்கிறது என்ற கேள்வி. கொடுக்கல் வாங்கல் பகுதியில் ஒரு சட்டமே அதில் மாறிவிடும்.

அவர் அந்த வரியின்மேல் விரலை வைத்தார், எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “தெரியலை. பாத்துட்டு வந்து சொல்றேன்” என்றார்.

அன்று நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று பேசிக்கொண்டோம். இரவு இரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். அவர் அறையில் விளக்கு எரிந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பாயில் ஐந்தாறு கிதாபுகள் விரிந்து கிடந்தன, நடுவில் அவர் சம்மணம் போட்டுக் குனிந்திருந்தார். ஒரு கிதாபை மெதுவாகத் திருப்பினார், பிறகு மறுபடியும். எங்களைப் போலவே ஹாஷியாவைத் தேடிக்கொண்டிருந்தார். மறுநாள் வந்து இரண்டு விளக்கங்கள் சொன்னார். எது எந்த ஷரஹில், அதாவது விரிவுரையில், இருக்கிறது என்றும் சொன்னார். “எனக்கு ரெண்டாவதுதான் சரின்னு படுது, உறுதியாத் தெரியலை. உங்கள்ல யாருக்காவது வேற தோணினா சொல்லுங்க” என்றார்.

இமாம் மாலிக்கிடம் தொலைதூரத்திலிருந்து வந்த ஒருவர் நிறையக் கேள்விகள் கேட்டார் என்றும், பெரும்பாலானவற்றுக்கு அவர் தெரியாது என்றே சொன்னார் என்றும் ஒரு செய்தி உண்டு. மன்றத்து மேடைகளில் நாங்கள் எல்லோரும் உருகி உருகிப் பேசிய செய்தி அது. ஓர் ஆலிம் அப்படிச் சொல்வதைக் கண்ணால் பார்த்தபோது அதைத் தோல்வி என்று எண்ணினோம். இன்றுவரை எனக்கு அதில் வருத்தம் உண்டு. அதன் பிறகு அவரை யாரும் சோதிக்கவில்லை. கேள்விகள் மட்டும் முன்னைவிட அதிகமாகின. அவை உண்மையாகவே தெரியாமல் கேட்ட கேள்விகள்.

இப்போது இன்னொரு வகைப் புது ஆசிரியரும் மதரஸாக்களுக்குள் வருகிறார். பல மதரஸாக்களில் பிள்ளைகள் பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் தனித்தேர்வாக எழுதுகிறார்கள், அஞ்சல் வழியில் பட்டமும் படிக்கிறார்கள். அழகப்பச் செட்டியார் 1947-ல் கலைக் கல்லூரியும், தொடர்ந்து ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியும் எழுப்பிய மண்ணில் பி.எட். முடித்த இளைஞர்களுக்குக் குறைவில்லை. நான் போன மதரஸாவில் ஆங்கிலமும் கணக்கும் எடுக்க ஒரு சார் வருகிறார். பக்கத்து ஊர்க்காரர், முஸ்லிம் அல்ல. முதல் நாள் அவருக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் தரையில். அவர்கள் முன்னால் இருக்கும் தாழ்ந்த மேசைகளில் கிதாபுகள். பத்து நிமிடம் உட்கார்ந்தவர் எழுந்து நாற்காலியை ஓரமாக நகர்த்திவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாராம். “அவங்க வேதப் புத்தகம் கீழ இருக்கு, நான் மேல உக்காந்திருந்தேன். மனசுக்கு ஒப்பலை” என்று என்னிடம் சொன்னார். யாரும் அவரிடம் அப்படிக் கேட்கவில்லை. ரமலானில் ஓர் ஊரையே பின்னால் நிறுத்தித் தொழ வைத்த பெரிய பையன்கள், அவர் முன்னால் ஆங்கில வினைச்சொல்லுக்கு இறந்தகாலம் தெரியாமல் விழிக்கிறார்கள். அவர் அவர்களை “தம்பி” என்கிறார். அஸர் தொழுகை நேரத்தை அவர்கள்தான் அவருக்கு ஞாபகப்படுத்துகிறார்கள்.

சம்பளத்தைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. சிவகங்கை மாவட்டத்து இளையான்குடியில் 1970-ல் தொடங்கிய கல்லூரிக்கு டாக்டர் ஜாகிர் உசேன் பெயர் வைத்தார்கள். அவரைப் பற்றி, பதவியில் இருக்கும்போதே 1969-ல் மறைந்த குடியரசுத் தலைவர் என்பதுதான் எல்லோருக்கும் தெரியும். பெர்லினில் பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம் வாங்கித் திரும்பி, 1926-ல் இருபத்தொன்பது வயதில் மூடப்படும் நிலையில் இருந்த ஜாமியா மில்லியாவின் பொறுப்பை ஏற்றவர் அவர். அவரும் உடன் வந்த இளம் ஆசிரியர்களும் இருபது வருடம் அங்கேயே பணியாற்றுவோம், மாதம் 150 ரூபாய்க்கு மேல் வாங்கமாட்டோம் என்று உறுதி எடுத்துக்கொண்டார்கள். அது அவர்கள் தாங்களே விரும்பி எடுத்த உறுதி. நம் மதரஸா நிர்வாகங்களில் சிலர் அந்தத் தியாகத்தைப் புது உஸ்தாதின் தலையில் கேட்காமலே வைத்துவிடுகிறார்கள். ஏழு வருடம் ஓதியவருக்கு ஒரு கொத்தனாரின் கூலி கிடைக்காவிட்டால், இரண்டே வருடத்தில் அவர் துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ விமானம் ஏறுவார், அல்லது சென்னைப் பல்கலைக்கழகத்தின் அஃப்ளலுல் உலமா எழுதி அரபி ஆசிரியர் வேலை தேடுவார். அவரைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. சம்பளத்தோடு ஒன்றையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்: முதாலஆ பார்க்க, அதாவது பாடத்தை முன்கூட்டிப் படித்துத் தயாராக, நேரம். எட்டு ஸபக் எடுத்துவிட்டு, இமாமத்தும் பார்த்துவிட்டு, வசூலுக்கும் போய்வரும் உஸ்தாதால் இரவு இரண்டு மணிக்குக் கிதாபைத் திருப்ப முடியாது.

பெண்களின் நிஸ்வான் மதரஸாக்களில் இது இன்னும் கடினம். நான் அறிந்த இடங்களில் புது உஸ்தாதா என்பவர் போன வருடம் ஆலிமாப் பட்டம் வாங்கிய பெண்தான். பாடம் கைவரும் நேரத்தில் நிக்காஹ் முடிந்து வேறு ஊர் போய்விடுகிறார். போன ஊரில் அவருக்கு ஒரு பாய் விரித்துக்கொடுக்க ஜமாஅத்துகள் முன்வந்தால் அந்தப் படிப்பு வீணாகாது. சில ஊர்களில் விரித்தும் கொடுத்திருக்கிறார்கள்.

அன்று மஃரிப் முடிந்ததும் நான் கிளம்பத் தயாரானேன். கூடத்தில் தக்ரார் தொடங்கியிருந்தது. காலையில் அந்தப் புது உஸ்தாத் எடுத்த நஹ்வு இலக்கணப் பாடத்தைக் கடைசி ஜும்ரா மாணவன் ஒருவன் சின்னவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். உஸ்தாத் நாலு தூண் தள்ளி, சுவரைப் பார்த்து உட்கார்ந்து மறுநாள் பாடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓர் இடத்தில் பையன் தவறாகச் சொன்னான். அவர் தலை நிமிர்ந்தது, வாய் திறந்தது. பிறகு மூடிக்கொண்டார். வட்டத்தில் இருந்த சின்னப் பையன் ஒருவன், “அண்ணே, காலையில ஹஜ்ரத் வேற மாதிரி சொன்னாங்களே” என்றான். பெரியவன் கிதாபைக் கிட்டத்தில் கொண்டுவந்து பார்த்தான், ஓரத்தைத் திருப்பிப் பார்த்தான். “ஆமா, நான்தான் மாத்திச் சொல்லிட்டேன்” என்று முதலிலிருந்து ஆரம்பித்தான். அப்போதுதான் தூணோரம் இருந்தவரைக் கவனித்து, சட்டென்று எழப் பார்த்தான். அவர் கையை அசைத்து, உட்காரச் சொன்னார்.